சீமாட்டி தின்ற இலை

"பாலத்துக்கிட்ட, மார்னி. ரோட்டோரமா கிடந்துச்சு" என்று ரோலி போனில் சொன்னபோது அவருடைய கால்சட்டையிலிருந்து சதுப்புத் தண்ணீர் சமையலறைத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. பாலம் மேட்டு ரோட்டில் இருக்கிறது. அந்தப் பக்கம் போன மனிதர் இப்படித் தொடைவரை சேற்றில் ஊறி வர வழியே இல்லை. நல்ல வேளையாகப் போனில் கால் தெரிவதில்லை.

"கார் அடிச்சிருக்கா?"

"அப்படித்தான் இருக்கும். வேற என்ன?"

"துணி போட்டு மூடி, இருட்டா, அலுங்காம கொண்டுவாங்க. வண்டியில ரேடியோ வேண்டாம். நீங்களும் பேசாதீங்க, உங்களால முடிஞ்சா."

ரோலி போனை வைத்தார். துணி துவைக்கும் கூடையில், பழைய குளியல் துண்டுக்குள், கோவாலா சுருண்டு கிடந்தது. காது ஒன்று கிழிந்திருந்தது. இடுப்பு ரோமம் நாயின் எச்சிலில் நனைந்து ஒட்டிக் கிடந்தது. அந்த நாய், டிங்கர், வாசலில் ஈரமாக உட்கார்ந்து, ஏதோ பெரிய வேலையை முடித்துக் கொடுத்தவனைப் போல வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

ஜன்னலோர நாற்காலியில் கிளெனிஸ் உட்கார்ந்திருந்தாள். ரோலியின் மனைவி. போன வருடம் மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதில் வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போய்விட்டன. சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரோலி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், ஆனால் முழுக்க நம்பவில்லை. நம்பியிருந்தால் அந்தப் பொய்யை அவள் காதுபட, நாலு முழத் தூரத்தில் நின்று சொல்லியிருக்க மாட்டார்.

பொய் சொல்லிப் பழகியவர் இல்லை அவர். சந்தையில் மாடு விற்கும்போதுகூட, "இது வேலி தாண்டும், பார்த்துக்கோ" என்று தானே முந்திக்கொண்டு சொல்லி, பிறகு விலை படியவில்லை என்று வருத்தப்படுகிற ஆள். எழுபது வயதில், ஒரு நாய்க்காக வாய் கூசாமல் சொல்லிவிட்டார்.

நடந்தது இதுதான். வீட்டுக்குப் பின்னால் தாழ்ந்த மேய்ச்சல் நிலத்தின் கோடியில் ஒரு சதுப்பு மகோகனி மரம் நிற்கிறது. பெயரில்தான் மகோகனி, இனத்தில் தைலமரம். மற்ற தைலமரங்கள் வேரில் தண்ணீர் தேங்கினால் வாடி நிற்கும். இது தண்ணீரிலேயே காலை வைத்துக்கொண்டு, கையால் அழுத்தினால் அமுங்குகிற தடித்த பட்டையோடு, அகலமான கரும்பச்சை இலையோடு கொழுத்து வளரும். ரோலியின் அப்பா காலத்தில் அந்தத் தாழ்வு முழுக்க இந்த மரங்கள்தான். அப்பாதான் புல்லுக்காக வாய்க்கால் வெட்டி, தண்ணீரை வடித்து, எல்லாவற்றையும் சாய்த்தார். அந்தக் கோடிக்குப் போன புல்டோசர் மட்டும் வயிறு வரை புதைந்துவிட்டது. இரண்டு டிராக்டர் கட்டி அதை வெளியே இழுத்தவர், மரத்தையும் சேற்றையும் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு அதோடு விட்டுவிட்டார். சேறு போட்ட பிச்சையில் தப்பித்த மரம். சுற்று வட்டாரத்தில் அந்த அளவுக்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

அதில்தான் இந்தக் கோவாலா குடியிருந்தது. கிளெனிஸ் அதற்குச் சீமாட்டி என்று பெயர் வைத்திருந்தாள். பேச்சு இருந்த நாளில், காலை டீயோடு ஜன்னலுக்கு வந்து, "சீமாட்டி இன்னிக்கு எந்த மாடியில?" என்று கேட்பாள். ரோலி தலையைத் தூக்காமலே, "வாடகை குடுத்தாளான்னு கேளு" என்பார். பேச்சு போன பிறகும் அவள் நாற்காலியை அதே ஜன்னலில்தான் போட வேண்டியிருந்தது. வேறு இடத்தில் போட்டால் இடது கையால் கைப்பிடியைத் தட்டிக்கொண்டே இருப்பாள்.

இன்று விடியலில் சீமாட்டி பெரிய மரத்திலிருந்து இறங்கி, பக்கத்துக் கன்று மரத்துக்குத் தண்ணீரில் நடந்து போயிருக்கிறது. டிங்கர் பார்த்துவிட்டது. குரைப்பைக் கேட்டு ரோலி ஓடிப்போய் நாயின் கழுத்தைப் பிடித்துப் பிரிப்பதற்குள் கடித்து, உதறி, தண்ணீரில் இழுத்துவிட்டது. டிங்கருக்கு வயதாகி ஏற்கெனவே பாதிப் பல் கொட்டிப்போயிருந்தது கோவாலாவின் அதிர்ஷ்டம்.

ரோலிக்கு அந்த நிமிடம் ஞாபகம் வந்ததெல்லாம் அடுத்த பண்ணைக்காரரின் நாய். அது கோழிகளைக் கடித்தது என்று ஊர்க் கவுன்சில் ஆள் வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வந்தது கழுத்துப்பட்டை மட்டும்தான். கோழிக்கே அப்படி என்றால் கோவாலாவுக்கு?

டிங்கர் இல்லாவிட்டால் கிளெனிஸ் என்ன ஆவாள்? பகலெல்லாம் அவள் செத்த பாதத்தின் மேல்தான் அது படுத்துக் கிடக்கிறது. அவளுக்காகத்தான் இந்தப் பொய் என்று ரோலி தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

மார்னி, அடிபட்ட கோவாலாக்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறவள். முப்பது வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள் என்பதால் யாரையும் பின் இருக்கைக் குறும்புக்காரனிடம் பேசுவது போலத்தான் பேசுவாள். வீட்டுக்குப் பின்னால் கம்பிவலைக் கூண்டுகள், அவற்றுக்குள் கவட்டைக் கிளைகள். கூண்டுக்கு வெளியே தண்ணீர் வாளிகளில் இலைக்கொத்துகள் ரகம் ரகமாக நின்றன.

அவள் சீமாட்டியைத் துண்டோடு வாங்கி, காதைப் பார்த்தாள், இடுப்பைத் தடவினாள்.

"பாலத்துக்கு எந்தப் பக்கம், ரோலி?"

"எந்தப் பக்கம்னா?"

"மேட்டுப் பக்கமா, ஆத்துப் பக்கமா? எனக்குத் தெரியணும். எங்க கிடந்துச்சோ அங்க இருக்கிற மரத்து இலையைத்தான் முதல்ல வெட்டிட்டு வருவேன். இதுங்க அம்மா முதுகுல இருந்தப்ப எந்த இலையைத் தின்னுச்சோ அதைத்தான் திங்கும். வேற இலைன்னா பட்டினி கிடக்கும். அவ்வளவு வீம்பு."

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதர் உண்மையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ரோலி நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு பொய்யைச் சொல்லி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் அதிலிருந்து பின்வாங்க வெட்கமாக இருந்தது.

"மேட்டுப் பக்கம்" என்றார்.

"அப்ப மேட்டு மரத்து இலைதான். சரி. குணமானதும் அதே இடத்துல கொண்டுபோய் விட்டுடறேன். பிடிச்ச இடத்துலதான் விடணும், அதுதான் எங்க வழக்கம்."

ரோலி தலையாட்டினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தத் தலையாட்டல் அவரை உறுத்தியது.

மதியம் பூசணி சூப் சுடவைத்து, துண்டைக் கிளெனிஸின் கழுத்தில் கட்டி, கரண்டியை நீட்டினார். அவள் வாயைத் திறக்கவில்லை.

"சூடா இருக்கா? ஊதித் தரேன்."

ஊதினார். வாய் திறக்கவில்லை. உதட்டில் கரண்டியைத் தொட்டுப் பார்த்தார். சூப் தாடையில் வழிந்தது. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய் டிங்கர், உங்க அம்மாவுக்குச் சூப் பிடிக்கலையாம்டா. உப்புப் பத்தலையா, என்ன?" என்று நாயைக் கேட்டார்.

இது அவருடைய வழக்கமாகிப் போயிருந்தது. பேசினால் பதில் வராத மனைவியிடம் பேசுவது வலித்தது. பதில் வராது என்று பிறந்ததிலிருந்தே தெரிந்த நாயிடம் பேசுவது வலிக்கவில்லை. அதனால் மழை பெய்யுமா, மாடு ஈனுமா, மாத்திரை போட்டாச்சா எல்லாவற்றையும் டிங்கரிடம்தான் சொல்வார். கிளெனிஸைப் பற்றிக் கிளெனிஸ் எதிரிலேயே நாயிடம் கேட்பார். அதில் தப்பு இருப்பதாக அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கும் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலை ஓட்ஸ் கஞ்சிக்கும் அப்படியே. ரோலிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தினமும் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போகிற நர்ஸ் லினெட் வந்ததும், "தொண்டை அடைச்சுக்கிச்சு போல. முழுங்க முடியலை. பாரேன்" என்றார்.

லினெட் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தாள். ஒரு கரண்டி கஞ்சியை எடுத்து நீட்டினாள். கிளெனிஸ் வாயைத் திறந்து வாங்கி, முழுங்கி, அடுத்ததற்குத் திறந்தாள். கிண்ணம் காலியாகும்வரை இப்படியே போயிற்று. ரோலி பக்கத்தில் மரம் மாதிரி நின்றார்.

"தொண்டையெல்லாம் சுத்தமா இருக்கு" என்றாள் லினெட், கரண்டியை வழித்துக்கொண்டே. "உங்க மேலதான் ஏதோ கோபம். என்ன பண்ணீங்க?"

"நான் என்ன பண்ணேன்? ஒண்ணும் பண்ணலை."

"கல்யாணமான ஆம்பளைங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. யோசிச்சுப் பாருங்க. மத்தியானத்துக்கு நான் வர முடியாது, இன்னும் மூணு வீடு இருக்கு."

அவள் போன கொஞ்ச நேரத்தில் மார்னி போன் செய்தாள். கோவாலா ஒரு இலைகூடத் தொடவில்லை. எலும்பு முறிவு இல்லை, காயம் ஆழமில்லை, மிருக வைத்தியர் ஊசி போட்டிருக்கிறார், ஆனால் சாப்பிட மறுக்கிறது. "காயத்தைப் பார்த்தா நாய்ப்பல் மாதிரி இருக்குன்னு டாக்டர் சொல்றார். கார் அடிச்சுக் கிடந்ததை எதாவது நாய் இழுத்திருக்கும்போல."

"இருக்கும்" என்றார் ரோலி. டிங்கர் அவர் பாதத்தை நக்கியது.

அன்று சாயங்காலமே மழையில் வண்டியை எடுத்துக்கொண்டு பார்க்கப் போனார். எதற்குப் போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. மார்னியின் கூண்டில் சீமாட்டி கவட்டையில் உட்கார்ந்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது. எதிரே புதுசாக வெட்டிய இலை, பளபளப்பாக, நாலைந்து ரகம். எல்லாம் மேட்டு மரங்கள். மார்னியின் முழங்கை சிராய்த்திருந்தது. இரண்டு நாளாக மழையில் வழுக்கும் மேட்டில் ஏறி ஏறி, நீளக் கம்பு அரிவாளால் வெட்டியிருக்கிறாள்.

"ஒரு பக்கமும் விடாம வெட்டிட்டேன்" என்றாள். குரலில் அந்தப் பேருந்து அதட்டல் இல்லை. "இதுங்க வயித்துக்குள்ள இலையைச் செரிக்கிற பூச்சிங்க இருக்கு, கண்ணுக்குத் தெரியாதது. சாப்பிடாம விட்டா அதுங்க செத்துப்போகும். அப்புறம் தின்னாலும் செரிக்காது. வயிறு நிறைய இலையோட பட்டினியில சாகும். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பார்க்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதுக்கப்புறம் வலி தெரியாம தூங்க வைக்கிறதுதான் நல்லதாம்."

ரோலி கம்பிவலையில் விரலைக் கோத்துக்கொண்டு நின்றார்.

"ரோலி, பாலத்துக்கு மேட்டுப் பக்கம்தான்னு உறுதியாத் தெரியுமா?"

இரண்டாவது முறையாக வாய்ப்பு வந்தது. கூண்டுக்குள் அந்தச் சாம்பல் நிற முதுகு மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது.

"நல்லாத் தெரியும்" என்றார் ரோலி. சொல்லும்போதே தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, கிரேவி ஊற்றி, கிளெனிஸின் எதிரில் உட்கார்ந்தார். கரண்டியை நீட்டினார். வாய் திறக்கவில்லை. காலையில் நர்ஸ் கையால் சாப்பிட்டதோடு சரி. அவள் முகம் வெளுத்திருந்தது. ரோலிக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. வழக்கப்படி நாய்ப் பக்கம் திரும்பினார்.

"என்னை என்னடா பண்ணச் சொல்றே? நான் போய்ச் சொன்னா உன்னை ஏத்திட்டுப் போயிடுவாங்கடா. அப்புறம் இவ கதி என்ன? நீயில்லாம இவ ஒரு வாரம் தாங்குவாளா? இவளுக்காகத்தானே நான் இவ்வளவு பாவத்தையும் சுமக்கறேன். சொல்லுடா."

ஒரு சத்தம் கேட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். கிளெனிஸ் சிரித்துக்கொண்டிருந்தாள். பாதி வாயால், பாதி முகத்தால், மூச்சு வாங்க வாங்க ஒரு சிரிப்பு. நாற்பத்தைந்து வருடமாக அவருக்குத் தெரிந்த சிரிப்புதான் அது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அவர் வீடு முழுக்கக் கண்ணாடி தேடும்போது சிரிப்பாளே, அது. உனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்கிற சிரிப்பு.

பிறகு சிரிப்பு நின்றது. அவள் இடது கையைத் தூக்கினாள். தன் பாதத்தின் மேல் படுத்திருந்த நாயைக் காட்டினாள். விரலை மெல்ல நகர்த்தி, ரோலியின் நெஞ்சைக் காட்டினாள். தன்னைக் காட்டவே இல்லை.

ரோலி கரண்டியை வைத்தார்.

புரிய வெகு நேரம் ஆகவில்லை. மனிதர் மந்தமே தவிர முட்டாள் இல்லை. பெண்டாட்டிக்காக என்று சொல்லிக்கொண்டது பெண்டாட்டிக்காக இல்லை. அந்த நாய் போனால் இந்த வீட்டில் அவர் பேச ஆளில்லாமல் போய்விடும். அதற்குத்தான் பயந்திருக்கிறார். எதிரே உட்கார்ந்து ஒரு வருடமாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவளை ஆளாகவே கணக்கில் வைக்கவில்லை. அது புரிந்ததும் அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மசித்த கிழங்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

விடிந்ததும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, நீள அரிவாளை எடுத்துக்கொண்டு தாழ்வில் இறங்கினார். டிங்கரைக் கொட்டகையில் கட்டிப் போட்டிருந்தார். அது ஊளையிட்டுக்கொண்டிருந்தது. மழையில் தண்ணீர் ஏறியிருந்தது. பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்து, ஒவ்வொரு அடிக்கும் சேறு காலை விடாமல் இழுத்தது. பாதி வழியில் ஒரு பூட்ஸ் உள்ளேயே நின்றுவிட்டது. ரோலி அதை விட்டுவிட்டு ஒற்றைக் காலுறையோடு போனார்.

மரம் பூத்திருந்தது. வேறு எதுவும் பூக்காத குளிர்காலத்தில்தான் அது பூக்கும். வெள்ளையும் மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தாகப் பூ, அதற்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கிளிகள் போடுகிற சண்டை. ஊரில் தேன் கிடைக்கிற கடை அது ஒன்றுதான் என்பதால் அவ்வளவு கூட்டம். ரோலி அதன் பட்டையில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். இத்தனை வருடத்தில் அந்த மரத்தடிக்கு மாடு தேடித்தான் வந்திருக்கிறார். இன்றைக்குத்தான் மரத்துக்காக வந்திருக்கிறார்.

நுனிக் கொழுந்தாகப் பார்த்து வெட்டினார். வழுக்கி ஒருமுறை இடுப்புவரை உட்கார்ந்தார். கிளிகள் தலைக்கு மேல் திட்டித் தீர்த்தன. ஒரு கைக்கு அடங்காத கொத்தை அணைத்துக்கொண்டு கரையேறியபோது ஜன்னலில் கிளெனிஸ் தெரிந்தாள். அவர் கொத்தைத் தூக்கிக் காட்டினார். அவள் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கொத்தைக் காட்டினால் போதாது என்று அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

மார்னி கதவைத் திறந்தாள். சேற்றில் முக்கி எடுத்த மனிதரையும், அவருடைய ஒற்றைப் பூட்ஸையும், கையிலிருந்த இலையையும் பார்த்தாள். இலையை வாங்கி ஒன்றைக் கசக்கி மோந்து பார்த்தாள்.

"இது மேட்டுல வளராது" என்றாள்.

"வளராது."

"உங்க தாழ்வுல நிக்கிற மரம்."

"ஆமா. அங்கதான் கிடந்துச்சு. கார் இல்லை. என் நாய். நானே போய்த்தான் பிரிச்சுவிட்டேன். பாலம் கீலம் எல்லாம் பொய்."

மார்னி திரும்பிக் கூண்டுக்கு நடந்தாள். ரோலி பின்னாலேயே போனார். இலைக்கொத்தைச் சீமாட்டியின் மூக்குக்குப் பக்கத்தில் செருகினாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தப் பெரிய கறுப்பு மூக்கு அசைந்தது. சுவரிலிருந்து முகம் மெல்லத் திரும்பியது. கை நீண்டு ஒரு கிளையை இழுத்து, இலையை மேலும் கீழும் மோந்து, சந்தேகத்தோடு ஒரு ஓரத்தைக் கடித்தது. மென்றது. இன்னொன்றை எடுத்தது.

மார்னி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ரோலிப் பக்கம் திரும்பினாள். இப்போது குரல் பழைய பேருந்துக் குரல்.

"ரெண்டு நாளா நான் அந்த மேட்டுல வழுக்கி விழுந்துகிட்டிருக்கேன். இது உள்ள செத்துக்கிட்டிருக்கு. நீங்க இங்கயே நின்னுகிட்டு 'நல்லாத் தெரியும்'னீங்க."

"ஆமா."

"தின்னுது, ஆனா பிழைச்சிடுச்சுன்னு இன்னும் சொல்ல முடியாது. உங்களால."

"ஆமா."

"நாய் கடிச்சதுன்னு கவுன்சிலுக்கு நான் சொல்லித்தான் ஆகணும். அவங்க வருவாங்க. என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது. பரிஞ்சு பேசுவேன்னு நினைக்காதீங்க."

"நினைக்கலை" என்றார் ரோலி. "தினம் காலையில இலை கொண்டாந்துடறேன். உனக்கு அந்தச் சேத்துல இறங்கத் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றாள் மார்னி. பிறகு, "சரி, கொண்டாங்க. கொழுந்தா இருக்கணும். பூ வேண்டாம், கிளிங்களுக்கு விட்டுடுங்க. அந்தக் காலுறையைக் கழட்டுங்க, பார்க்கவே குளிருது" என்றாள்.

வீட்டுக்கு வந்து ரோலி சேற்றோடு கிளெனிஸின் எதிரில் நின்று, "சொல்லிட்டேன்" என்றார். நாயிடம் இல்லை, அவளிடம். சொன்ன பிறகு அடுத்து என்ன பேசுவது என்று தெரியாமல் கஞ்சி வைக்கப் போனார். அன்றைக்கு அவள் வாயைத் திறந்தாள். பாதிக் கிண்ணம்தான். பாதிக்கு மேல் தலையைத் திருப்பிக்கொண்டாள். முழுசாக மன்னிக்கவில்லை என்று அதற்கு அர்த்தம்.

கவுன்சில் ஆள் வந்தார். டிங்கரின் வாயைத் திறந்து மிச்சப் பற்களைப் பார்த்தார். தாழ்வைப் பார்த்தார். கோவாலாக்கள் கீழே இறங்கி நடமாடும் நேரம் என்பதால், பொழுது சாய்வதற்கு முன்னாலிருந்து காலை வெயில் ஏறும் வரை நாய், மேலேயும் வலை போட்ட கூண்டில் அடைந்திருக்க வேண்டும், வீட்டுக்குள்கூட இருக்கக்கூடாது, ஏனென்றால் இந்த வீட்டுக் கொசுவலைக் கதவை ஒரு கோழிகூடத் திறந்துவிடும். இன்னொரு தடவை நடந்தால் நாயைக் கொண்டுபோய்விடுவார்கள். இதைச் சொல்லிவிட்டு அவர், "நல்ல நாய்தான்" என்று டிங்கரின் தலையைத் தட்டினார். அது ரோலிக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

கூண்டை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், மரம் கண்ணில் படாத பக்கமாகக் கட்டினார். முதல் சில ராத்திரிகள் டிங்கர் ஊளையிட்டது. பிறகு பழகிக்கொண்டது. பழகாதது ரோலிதான். சாயங்காலம் ஆனால் வீடு காலியாகிவிடும். அவர் டீ போடுவார், விளக்கைப் போடுவார், "டேய்" என்று வாயைத் திறப்பார், மூடிக்கொள்வார். கிளெனிஸ் பார்த்துக்கொண்டே இருப்பாள். அவளிடம் நேரே பேச அவருக்குக் கூச்சமாக இருந்தது. இத்தனை நாள் பேசாமல் விட்டதற்கு எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது?

காலையில் இலை, பகலில் மாடு, சாயங்காலம் இந்த மௌனம் என்று வாரங்கள் போயின. மரத்தில் பூ உதிர்ந்து காய் பிடித்தது. சீமாட்டிக்கு இடுப்புக் காயம் ஆறி, ரோமம் முளைத்தது. ஒருநாள் மார்னி போனில், "நாளைக்குக் கூட்டிட்டு வரேன். நாயை மத்தியானமே அடைச்சிடுங்க" என்றாள்.

பொழுது சாயும் நேரம். கிளெனிஸைப் போர்வை சுற்றிச் சக்கர நாற்காலியில் பின் வராந்தாவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார் ரோலி. அதற்கு மேல் சேறு, நாற்காலி போகாது. அவரும் மார்னியும் கூடையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். மரத்தடியில் ஒரு மேட்டு வேரில் கூடையை வைத்து மார்னி மூடியைத் திறந்தாள்.

சீமாட்டி வெளியே வந்தது. யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. பட்டையில் நகத்தை ஊன்றி, குண்டு உடம்பைத் தூக்கித் தூக்கி ஏறியது. முதல் கவட்டை, இரண்டாவது கவட்டை, பிறகு இலைக்குள் மறைந்தது.

"நன்றிகூடச் சொல்லலை" என்றார் ரோலி.

"உங்களுக்கா? உங்களுக்கு எதுக்குச் சொல்லணும்?" என்றாள் மார்னி. ஆனால் போகும்போது அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

ரோலி கிளெனிஸை உள்ளே கொண்டுவந்து ஜன்னலருகில் நிறுத்தினார். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. அவள் கண்களைச் சுருக்கிச் சுருக்கி மரத்தைத் தேடினாள். வராந்தாவிலிருந்து பார்த்தால் கீழ்ப்பாதி மரம் தெரியாது, சேம்பும் நாணலும் மறைக்கும். அதனால் ஏறியதில் பாதியை அவள் பார்த்திருக்க முடியாது. இது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

அவர் நாற்காலியை இழுத்து அவள் எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"கூடையைத் திறந்ததும் உடனே வரலை, கண்ணு" என்றார். "கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்து மோந்து பார்த்துச்சு. அப்புறம் ஒரு கையை வெளிய வச்சுது. கிழிஞ்ச காது ஒட்டிடுச்சு, ஆனா ஓரத்துல ஒரு வெட்டு நின்னுடுச்சு, இனிமே தூரத்துல இருந்தே அடையாளம் தெரியும். ஏறும்போது வலது பின்னங்கால் கொஞ்சம் இழுக்குது. ஆனாலும் ஏறிடுச்சு. ரெண்டாவது கவட்டையில நின்னு மூச்சு வாங்கிச்சு, நம்ம ரெண்டு பேரும் மாடி ஏறினா வாங்குவோமே, அப்படி. நான் சொல்றது கேக்குதா?"

கிளெனிஸ் இடது கையை நீட்டி அவருடைய முழங்காலைத் தட்டினாள். மேலே சொல்லு என்று.

அவர் சொன்னார். சீமாட்டியைச் சொன்னார், மார்னியின் சிராய்ப்பைச் சொன்னார், சேற்றில் போன பூட்ஸைச் சொன்னார். அது அவளுக்குத் தெரியாதே. பிறகு போன வருடம் அந்தக் காலையில் ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு தான் எவ்வளவு பயந்தார் என்பதைச் சொன்னார். அதை அவர் டிங்கரிடம்கூடச் சொன்னதில்லை. டீ ஆறிப்போயிற்று. அவர் நிறுத்தும்போதெல்லாம் அந்தக் கை மறுபடியும் முழங்காலைத் தட்டியது.